மஞ்சேரி சொல்லும் கணக்கு

  

பேட்டைக்காரர் ஒருவர் மலபாரில் மூன்று முறை ஜெயித்த வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். திருநெல்வேலிப் பேட்டையில் 1896-ல் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1962, 1967, 1971 தேர்தல்களில் மக்களவைக்குப் போனது கேரளத்து மஞ்சேரி தொகுதியிலிருந்துதான். அவர் தாய்மொழி தமிழ்; ஓட்டுப் போட்டவர்கள் பேசியதோ மலையாளம். ஊரைப் பார்த்தா ஓட்டுப் போட்டார்கள்?

அவருக்கு முன் 1957-ல் அங்கே வென்றவர் பி. போக்கர் சாஹிப். 1972-ல் காயிதே மில்லத் மறைந்தபின், 1973 இடைத்தேர்தலில் சி.எச். முஹம்மது கோயா. 1977 முதல் 1989 வரை நான்கு முறை இப்ராஹீம் சுலைமான் சேட். 1991 முதல் 1999 வரை நான்கு முறை இ. அஹமது. தலைமுறை மாறியும் தீர்ப்பு மாறவில்லை. 'கோட்டை, கோட்டை' என்று மேடைக்கு மேடை முழங்கினோம். நானும்தான் முழங்கினேன்!

2004-ல் என்ன ஆயிற்று? மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்ஸா அங்கே வென்றார். கேரளத்தின் 20 இடங்களில் 18 இடதுசாரிகளுக்குப் போன வருடம் அது. 'அலை அடித்துவிட்டது' என்று சமாதானம் சொல்வார்கள். அதே அலையில்தானே பக்கத்துப் பொன்னானியில் அஹமது சாஹிப் கரையேறினார்?

தொகுதி மறுசீரமைப்பில் மஞ்சேரி என்ற பெயர் போய், 2009-ல் மலப்புரம் என்ற பெயரில் தேர்தல் நடந்தது. அதே ஹம்ஸாவை அஹமது தோற்கடித்தார். 2014-ல் அவருடைய வித்தியாசம் 1,94,739. 2024-ல் இ.டி. முஹம்மது பஷீருக்கு 3,00,118.

இந்தக் கணக்கில் வராத கூட்டம் ஒன்று உண்டு. வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள்! வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் பட்டியலில் பெயர் சேர்க்க 2010-ல்தான் சட்டம் திருத்தினார்கள். அப்போதும் நேரில் வந்துதான் ஓட்டுப் போடவேண்டும். விமானக் கட்டணத்துக்கு எங்கே போவான்?

அவனுக்காவது கடல் குறுக்கே நிற்கிறது. சென்னையில் கடை வைத்திருக்கும் நமக்கு? குடும்பம் இங்கே, பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில். தேர்தலன்று கல்லாவை விட்டுவிட்டு யார் பஸ் ஏறுகிறார்கள்? வீடு மாறியதும் காஸ் இணைப்பை மாற்றுகிறோம், ஓட்டை மாற்றுவதில்லை. இரண்டு இடத்தில் பெயர் இருப்பதும் சட்டப்படி குற்றம், நினைவிருக்கட்டும். பதினெட்டு நிறைந்தவர்களுக்கு 6-ஆம் எண் படிவம், வீடு மாறியவர்களுக்கு 8-ஆம் எண் படிவம். வாலிபர்களே, வரும் ஜும்ஆ முடிந்ததும் உங்கள் தெருப் பட்டியலோடு உட்காருங்கள். முதலில் உங்கள் வாப்பா, உம்மா பெயரைத் தேடுங்கள்.