பெருநாள் காலையும் தாளிச்சாப் பானையும்

(ரமளான் குடும்பக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

  

 வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஜகாத் கணக்கு, ஃபித்ரா வினியோகம், கல்வி உதவி மனு என்றுதான் பேசுவேன். இன்று தாளிச்சாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியது அல்ல.

சென்ற நோன்புப் பெருநாளில் திடலில் பெண்களுக்கென்று தனிப் பந்தல் போட்டோம். பாய் விரித்து, ஒளு செய்யத் தண்ணீரும் வைத்தோம். தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது பந்தலில் பாதிகூட நிறையவில்லை. பிறகு விசாரித்தால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்: “தாளிச்சா அடுப்பில் இருந்தது.” நெய்ச்சோற்றைத் தொழுகை முடிந்து வந்து முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடலாம். பச்சடிக்கு அடுப்பே வேண்டாம். தாளிச்சாவும் எலும்பு ஆணமும்தான் ஆளைப் பிடித்து வைக்கின்றன.

உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நமக்குத் தெரியும். இரு பெருநாள்களிலும் கன்னிப் பெண்களையும், வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களையும், மாதவிடாய்க்காரிகளையும்கூடப் புறப்படச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மாதவிடாய்க்காரிகள் தொழுமிடத்தை விட்டு ஒதுங்கி இருந்து, துஆவில் கலந்துகொள்ள வேண்டும். மேலாடை இல்லாதவளுக்கு அவளுடைய சகோதரி தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். ஆடை இல்லை என்பதையே தடையாக ஏற்காத இடத்தில், பருப்பு வேகவில்லை என்பதைத் தடையாக வைத்திருக்கிறோம். பெண்கள் திடலுக்கு வருவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே நான் தீர்க்கப்போவதில்லை. வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் குளித்து, புத்தாடை உடுத்தி, உட்கார்ந்து தக்பீர் சொல்ல ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டாமா?

“பிரஷர் குக்கரில் நாலு விசில் விட்டால் முடிந்தது, இதற்கு ஒரு பேச்சா?” என்று கேட்பீர்கள். பருப்பு வெந்துவிடும், உண்மைதான். ஆனால் விசில் எண்ண ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். எலும்பு தனியாக, பருப்பு தனியாக, காய் தனியாக என்று அவள் மூன்று முறை நிற்கிறாள். வேகும் நேரத்தைக் குறைப்பதைவிட, ஆள் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நமக்குத் தேவை. ஸ்லோ குக்கர் அதைச் செய்கிறது.

கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றி மின்சாரச் சூடு, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான் அந்தக் கருவி. ‘லோ’வில் வைத்தால் மெல்லச் சூடேறிக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நிற்கும், அடிப்பிடிக்காது. 250 வாட் பானை எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட் மின்சாரம். இதன் வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் இதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். அவர் யூதர். சனிக்கிழமை ஓய்வு நாளில் அவர்கள் தீ மூட்டக் கூடாது என்பதால், வெள்ளி மாலையே கறியும் பயறும் கலந்த பானையை ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவார்களாம். தாயார் சொன்ன இந்தச் செய்தியிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. 1971இல் வேறொரு நிறுவனம் அதைக் ‘கிராக் பாட்’ என்று பெயரிட்டு விற்றது. வணக்கத்துக்குரிய நாளில் அடுப்படியில் நிற்காமல் இருப்பதற்காகப் பிறந்த பானை இது. ஹரீஸும் நிஹாரியும் இரவெல்லாம் வேகவைத்த சமூகம் நாம்; நமக்கு இது புதிதுமல்ல.

இனி செய்முறை. நாலரை லிட்டர் பானையில் எட்டுப் பேருக்கு வரும். துவரம்பருப்பு 200 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், இரண்டையும் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அரைக் கிலோ நெஞ்செலும்பு. பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தூள் வகைகள் எல்லாவற்றையும் வழக்கம்போல் சட்டியில் வதக்கி, எலும்பையும் போட்டுப் பிரட்டி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கொதித்ததைத்தான் பானைக்கு மாற்ற வேண்டும். பச்சை இறைச்சியைக் குளிர்ந்த தண்ணீரோடு போட்டால் சூடேறுவதற்குள் கிருமி பெருகும். பருப்பைச் சேர்த்து மூடி, இரவு பத்து மணிக்கு ‘லோ’வில் வைத்துவிட்டுப் படுங்கள். இதில் ஆவி வெளியேறாது. அடுப்புக் கணக்குக்குத் தண்ணீர் ஊற்றினால் காலையில் ரசம்தான் கிடைக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது. ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி, மறுபடி ஏற நேரம் பிடிக்கும்.

புளியை இரவில் சேர்க்காதீர்கள். புளிப்பு இருந்தால் பருப்பு மசியாது. ஃபஜ்ருக்குப் பிறகு பருப்பைக் கடைந்து, உப்புப் பார்த்து, கத்தரிக்காயும் வாழைக்காயும் போட்டு ‘ஹை’யில் திருப்பிவிட்டு, ஒற்றைப்படையாகப் பேரீச்சம்பழம் சாப்பிட்டுத் தொழுகைக்குக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் மாங்காயைப் புளிக்கரைசலில் அடுப்பில் ஒரு கொதி வேகவைத்து ஊற்றித் தாளித்தால் வேலை முடிந்தது. நெய்ச்சோறு தம்மில் இருக்கும் நேரம் இதற்குப் போதும்.

பிறை விஷயம் ஒன்று இருக்கிறது. இருபத்தொன்பதாம் நோன்பன்று மஃக்ரிப் வரை மறுநாள் பெருநாளா என்று தெரியாது. அதனால் எலும்பை முன்னதாகவே வாங்கி ஃப்ரீசரில் வைத்திருப்பவர்கள் அன்று காலையிலேயே அதைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். உறைந்த கறியை இந்தப் பானையில் போடவே கூடாது. பிறை அறிவிப்பு வந்த பிறகு பருப்பை ஊறவைத்தால் போதும். பிறை தெரியாவிட்டால் எலும்பு கீழ்த்தட்டிலேயே இன்னொரு நாள் இருக்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் இந்தச் சிக்கல் இல்லை; தேதி பத்து நாள் முன்பே தெரிந்துவிடும். அன்று காலைக்குக் காய்த் தாளிச்சா வைத்துக்கொண்டு, குர்பானி எலும்பை அன்றிரவு பானைக்குப் போடலாம்.

கரன்ட் போனால்? நம்மூரில் ஃபேன் நின்றால் புழுக்கத்தில் யாராவது விழித்துவிடுவார்கள். அப்போது எல்லாவற்றையும் கேஸ் அடுப்புக்கு மாற்றிக் கொதிக்க வையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், பானை மட்டும் அணைந்திருக்கும். அவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பட்டன் மாடல்களில் பல, கரன்ட் திரும்பினாலும் தானாக ஓடாது. திருகும் குமிழ் மாடல் ஓடும். எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது என்றே தெரியாவிட்டால் அதைக் கொட்டிவிடுங்கள். வீண்விரயம் என்று மனம் கேட்காது. ஆனால் பெருநாளன்று பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியில் உட்காருவது அதைவிடப் பெரிய விரயம்.

‘வார்ம்’ என்பது வெந்ததைச் சூடாக வைப்பதற்கு மட்டும். அதில் எதுவும் வேகாது. மதியம் வரும் விருந்தாளிக்கு அதில் வைத்திருக்கலாம். மிச்சத்தைச் சிறிய பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் அடுப்பில் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். ராஜ்மா போடும் வழக்கம் இருந்தால், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பத்து நிமிடம் அடுப்பில் நன்றாகக் கொதித்த பிறகே பானைக்குப் போக வேண்டும். அந்தப் பயறில் உள்ள நஞ்சு மெல்லிய சூட்டில் போகாது.

எல்லாவற்றுக்கும் இந்தப் பானை பொருந்தாது. எண்ணெய்க் கத்தரிக்காய் இரவெல்லாம் கிடந்தால் கூழாகிவிடும். தக்காளி இனிப்பில் நீர் வற்றாது. அதை முதல் நாளே அடுப்பில் கிண்டிவிடுங்கள். ஷீர் குர்மாவும் அடுப்பில்தான் நன்றாக வரும்.

ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நம் தெருவில் கறி சாப்பிடாத அண்டை வீட்டார் இருக்கிறார்கள். எலும்பில்லாத காய்த் தாளிச்சாவைத் தனிப் பானையில் வைத்துக் கொடுங்கள். கறி ஆணத்தில் காயை மட்டும் பொறுக்கிக் கொடுப்பது மரியாதை அல்ல.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்றார்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து குமிழை ‘ஹை’க்குத் திருப்பக் கைப்பக்குவம் தேவையில்லை. கத்தரிக்காய் நறுக்கவும் பெரிய படிப்பு வேண்டாம். பெரியம்மாக்கள், மாமிகளிடமும் ஒரு வேண்டுகோள். “நாங்கள் எல்லாம் அம்மியில் அரைத்தோம்” என்று மருமகளிடம் சொல்லாதீர்கள். நீங்களும் அந்தக் காலத்தில் குத்பா கேட்காமல்தான் இருந்தீர்கள்.

இதற்காகத் தவணையில், வட்டியில் எதையும் வாங்க வேண்டாம். பானை இல்லாதவர்கள் முதல் நாள் மாலையே குக்கரில் வேகவைத்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் தொழுகை முடிந்து வந்து கொதிக்கவைத்துப் புளி சேர்க்கலாம். பலன் ஒன்றுதான்.

டிரஸ்ட்டில் இரண்டு ஸ்லோ குக்கர்கள் இரவல் கொடுக்க இருக்கின்றன. இருபத்தைந்தாம் நோன்புக்குள் அலுவலகத்தில் பெயர் எழுதுங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கும், தனியாகக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கும் முதலில் கொடுப்போம். சூடான பீங்கானில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். ஆறிய பிறகு கழுவுங்கள். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.