வீடு வாங்கவும் செப்பனிடவும் இணைப்பணச் சேமிப்பு

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கென எழுதப்பட்ட பிரசங்கம்)



கடன் வாங்கி வீடு கட்டியவனைப்பற்றியும், கடனால் வீட்டை இழந்தவனைப்பற்றியும் ஒவ்வொரு கிராமத்திலும் கதைகள் உண்டு. சிறுகச் சேமித்து வீடு கட்டிய ஏழையைப்பற்றிய கதையோ அபூர்வம். கூலியாக வருகிற சொற்பப் பணம் அரிசிக்கும் துணிக்கும் வைத்தியத்திற்கும் போனபின் மீதியாவது அரிது; மீதியானாலும் கையில் தங்குவதில்லை. ஏழையினால் சேமிக்க முடியாது என்னும் அபிப்பிராயம் இதிலிருந்தே பிறந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த அபிப்பிராயம் மெய்தானா என்று பரீட்சை செய்து பார்க்கப்பட்டது. அதில் பலித்தது எது, பலியாதது எது என்பதே இப்பிரசங்கத்தின் விஷயமாகும்.

செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் மைக்கேல் ஷெராடன், ஏழைகளையும் சொத்துடைமையையும் பற்றி 1991-ல் ஒரு நூல் வெளியிட்டார். சர்க்கார் ஏழைகளுக்கு மாதந்தோறும் வயிற்றுப்பாட்டிற்குக் கொடுக்கிறது. சொத்துச் சேர்க்க ஒன்றும் செய்வதில்லை என்பது அவருடைய வாதம். வசதியுள்ளவர்களுக்கோ சொத்துச் சேர்க்கவே சகாயம் கிடைக்கிறது. வீட்டுக் கடனுக்குக் கட்டிய வட்டியை வருமானத்தில் கழித்து அவர்கள் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஏழைகள் விஷயம் இதற்கு நேர்மாறாயிருந்தது. குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு அக்காலத்தில் கொடுக்கப்பட்டு வந்த சர்க்கார் உதவியைப் பெறுவோர், குடியிருக்கும் வீடு நீங்கலாக, பொதுவாக 1,000 டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கக்கூடாது. வைத்திருந்தால் உதவி நின்றுவிடும். சிக்கனமாயிருந்தவளுக்குத் தண்டனை, செலவழித்தவளுக்கு உதவி என்பதாகவே அந்த ஏற்பாடு முடிந்தது. 1996-ல் சட்டம் மாறிய பிறகே, இவ்விதச் சேமிப்பைச் சொத்துக் கணக்கில் சேர்க்காமல் விட வழி ஏற்பட்டது.

ஷெராடன் சொன்ன பரிகாரத்திற்குத் தனிநபர் அபிவிருத்திக் கணக்கு என்று பெயர். அங்கத்தினர் தம் பெயரால் பாங்கியில் ஒரு கணக்கு வைத்து, மாதந்தோறும் இயன்றதைச் செலுத்தி வருவார். அவர் போடும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலரோ, இரண்டு டாலரோ தர்ம ஸ்தாபனம் ஒன்று தன் பங்காகச் சேர்க்கும். இதுவே இணைப்பணம். இது அவருடைய கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை, வேறாகவே இருக்கும். வீடு வாங்குதல், வீட்டைச் செப்பனிடுதல், கல்வி, சிறுதொழில் போன்ற குறிப்பிட்ட காரியங்களுக்கு எடுத்தால் மட்டுமே அது வெளிவரும். அப்போதும் அவர் கையில் ரொக்கமாகக் கொடாமல், வீட்டை விற்பவருக்கோ வேலை செய்யும் கொத்தனாருக்கோ நேராகச் செலுத்தப்படும். சொந்தப் பணத்தை வேறு எதற்காகவும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த அளவுக்கு இணைப்பணம் கிடையாது. குடும்பச் செலவுக் கணக்கு, கடன், வீட்டுப் பத்திரம் முதலியவைபற்றி நடத்தப்படும் வகுப்புகளுக்கும் அங்கத்தினர் போகவேண்டும்.

ஓக்லஹோமா ராஜ்யத்து டல்ஸா நகரில் 1998-ல் தொடங்கிய பரீட்சையின் கணக்கைக் கவனித்தால் விஷயம் விளங்கும். அங்கே வருஷத்திற்கு 750 டாலர் வரை, மூன்று வருஷங்களுக்கு, போட்ட பணத்திற்கு இணைப்பணம் உண்டு. வீடு வாங்குவோருக்கு ஒன்றுக்கு இரண்டு. மற்றக் காரியங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று. மாதம் 62½ டாலர் தவறாமல் போட்டவர் மூன்று வருஷ முடிவில் சொந்தமாக 2,250 டாலர் சேர்த்திருப்பார். வீடு வாங்கினால் அதனோடு 4,500 சேர்ந்து 6,750 டாலராகும். இது வீட்டின் முழு விலையன்று. கடன் கொடுப்பவர் கேட்கும் முன்பணத்திற்கும் பத்திரச் செலவுக்கும் உதவும் தொகை. அந்த முன்பணமே ஏழையைத் தடுத்து நிறுத்தும் முதற்படி.

டல்ஸாவையும் சேர்த்துப் பல இடங்களில் 1997 முதல் சில வருஷங்கள் நடந்த பெரிய பரீட்சையில் 2,300-க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தனர். இவர்கள் சேமித்தது, எடுத்தது போக, சராசரி மாதத்திற்குச் சுமார் 16 டாலரே. பாதிப்பேருக்குச் சற்று அதிகமானோர் 100 டாலராவது நிலைக்கச் சேர்த்தனர். மற்றவர்கள் அதுவும் சேர்க்கவில்லை. இடையில் பணத்தை எடுத்து இணைப்பணத்தை இழந்தவர்களும் அநேகர். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சேர்ந்தவர்களுள் மிக ஏழைகளாயிருந்தவர்கள், தங்கள் வருமானத்திற்கு விகிதம் பார்க்கும்போது, மற்றவர்களைவிட அதிகமாகவே சேமித்தார்கள். ஏழையினால் முடியாது என்ற பேச்சு இத்துடன் அடிபட்டுப் போயிற்று.

பணம் எப்போது வந்தது என்பதும் ருசிகரமானது. வருஷ ஆரம்பத்தில், அதிகமாகக் கட்டிய வரியும் உழைப்போருக்கான வரிச் சலுகையும் ஒரே தொகையாகத் திரும்பக் கிடைக்கும் மாதங்களில், கணக்குகளில் வரவு பெருகியது. அறுவடை முடிந்து கையில் காசு புரளும் நாட்களிலேயே வசூலுக்குப் புறப்படவேண்டும் என்பது சங்கக் காரியதரிசிகளுக்குத் தெரியாததன்று. அன்றியும், இணைப்பணத்திற்கு விதித்த உச்சவரம்பையே மக்கள் தங்கள் இலக்காக வைத்துக்கொண்டனர். ஆகவே வரம்பைச் சிறிதாக வைத்தால் சேமிப்பும் சிறுத்துப்போகும்.

வீடு செப்பனிடும் விஷயத்தில் இந்த ஏற்பாடுகள் சற்றுக் கஞ்சத்தனமாயிருந்தன என்றே சொல்லவேண்டும். டல்ஸாவில் அதற்குப் பாதி வீதமே கிடைத்தது. 1998-ல் தேசீய சர்க்கார் இயற்றிய சட்டம் முதல் வீடு வாங்க இடமளித்ததேயன்றி, பழைய வீட்டைச் செப்பனிட இடமளிக்கவில்லை. பெற்றோர் விட்டுப்போன பழைய வீட்டில், ஒழுகும் கூரையின்கீழ், பனிக்காலத்தில் பழுதான கணப்புடன் வாழும் குடும்பத்திற்குப் புது வீட்டு ஆசை காட்டி என்ன பயன்? கூரையைக் காலத்தில் மாற்றாவிட்டால் உத்திரம் போகும். உத்திரம் போனால் சுவர் போகும். ஆரிகன் ராஜ்யம் 1999-ல் செய்த தன் ஏற்பாட்டில், நன்கொடையாளருக்கு ராஜ்ய வரியில் சலுகை கொடுத்து இணைப்பணம் திரட்டுகிறது. அங்கே வீட்டுச் செப்பனிடும் வேலையும் அநுமதிக்கப்பட்ட காரியங்களுள் ஒன்று.

இனிக் கசப்பான பகுதி. டல்ஸாவில் மனுச்செய்த சுமார் 1,100 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கணக்கு உண்டு. மறு பிரிவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, 2003 வரை இல்லை. மனமுவந்து வந்தவர்களைத் திருப்பியனுப்புவது எளிதான காரியமன்று. ஆயினும் அப்படிச் செய்ததாலேயே உண்மை தெரிந்தது. நான்கு வருஷத்தில், வாடகை வீட்டிலிருந்து வந்தவர்களில், கணக்கு பெற்ற பிரிவினரே அதிகமாக வீடு வாங்கியிருந்தனர். ஆனால் பத்து வருஷங்கள் சென்றபின், 2009-ல் விசாரித்தபோது, இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கணக்கு கிடைக்காதவர்களும் தடை நீங்கியபின் வாங்கிவிட்டனர். இணைப்பணம் வீட்டைச் சீக்கிரம் கொண்டுவந்தது. இல்லாவிட்டால் வீடே வந்திராது என்று சொல்வதற்கில்லை.

இதனால் முயற்சி வீண் என்றாகாது. 2007 முதல் அந்நாட்டில் வீட்டு விலைகள் சரிந்து, கடன் கட்ட முடியாத லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இக்கணக்குகளின் மூலம் வீடு வாங்கியவர்கள், அதே நிலையிலிருந்த மற்ற ஏழைகளைவிடக் குறைவாகவே வீட்டை இழந்தனர். அதிக வட்டிக் கடனில் அவர்கள் சிக்கியதும் குறைவு. வகுப்பில் பத்திரத்தை வாசிக்கக் கற்றது இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் இங்கே சீட்டுக் குலுக்கவில்லை. மூன்று வருஷம் பொறுமையாகச் சேமிக்கக்கூடியவர் இயல்பிலேயே ஜாக்கிரதையுள்ளவர் என்று வாதிப்பவரை மறுப்பது கடினம்.

பணத்திற்கு வழி என்ன? 1998 சட்டப்படி தேசீய சர்க்கார் ஒரு பங்கு கொடுக்க, வெளியிலிருந்து அதற்குச் சமமான பங்கு திரட்டப்பட்டது. 2017-ல் அந்நாட்டுச் சட்டசபை அதற்கு நிதி ஒதுக்குவதை நிறுத்திவிட்டது. வருஷாவருஷம் வோட்டுக்கு விடப்படும் பணத்தை நம்பியவற்றின் கதி அது. இதனின்று வேறுபட்டது, 1932-ல் ஏற்படுத்தப்பட்ட பிரதேச வீட்டுக்கடன் பாங்கிகளின் முறை. இவை கூட்டுறவு முறையில் அமைந்தவை. உள்ளூர்ப் பாங்கிகள், சேமிப்பு ஸ்தாபனங்கள், நாணய சங்கங்கள் ஆகியவையே இவற்றின் பங்குதாரர்கள். 1989-ல் ஏற்பட்ட சட்டம், ஒவ்வொரு பாங்கியும் தன் லாபத்தில் நூற்றுக்குப் பத்தை எளியவர்களின் வீட்டு வசதிக்கென ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. அந்தப் பணத்திலிருந்து சில பாங்கிகள் வீடு வாங்கும் குடும்பத்தின் சேமிப்புக்கு இணைப்பணம் கொடுக்கின்றன. குடும்பம் பெரிய பாங்கிக்குப் போகவேண்டியதில்லை. அதில் பங்குதாரராயுள்ள உள்ளூர் ஸ்தாபனத்தில் மனுக் கொடுத்தால், அதுவே மேலே எழுதிப் பணத்தை வாங்கித்தரும்.