இளம் பெண்களின் இரத்தமும் உணவுத் தட்டும்

(பெண்கள் மத்ரஸா பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

ஹைளுடைய சட்டங்களை மத்ரஸாவில் விரிவாகப் போதிக்கின்றோம். எந்நாட்களில் தொழுகை இல்லை, எந்த நோன்புகளைக் களாச் செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மனனமாகச் சொல்கின்றார்கள். ஆனால் மாதந்தோறும் உடலை விட்டுப் போகும் இரத்தத்தை எதனைக் கொண்டு ஈடுசெய்வது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பாதிக்கும் மேல்! வசதியுள்ள இல்லங்களிலும் இது பரவலாகவே காணப்படுகின்றது.

"நம் வீடுகளில் இறைச்சி உண்டே" என்று சிலர் கேட்கலாம். இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேரும் என்பது உண்மையே. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் இறைச்சி? அதில் எத்தனை துண்டு கடைசியாக உண்ணும் மகளின் தட்டுக்கு வருகின்றது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவுப்படி, நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். பெண்ணுக்கோ 29 மில்லிகிராம். நம் ஸஹனில் இக்கணக்கு தலைகீழாக இருக்கின்றது.

மற்ற நாட்களில் கீரை, பருப்பு, கேழ்வரகு, பேரீச்சம்பழம் ஆகியவற்றிலிருந்தே இரும்புச்சத்து கிடைக்கின்றது. இவ்வகை இரும்பின் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். வைட்டமின் சி அதனைக் குடல் ஏற்கத்தக்க நிலைக்கு மாற்றுகின்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டும் ஒரே வேளை உணவில் சேர்ந்திருக்க வேண்டும். நண்பகலில் தின்ற கீரைக்கு மாலையில் தின்னும் கொய்யா உதவாது. இதற்காக ஆப்பிளும் ஆரஞ்சும் தேடி அலைய வேண்டியதில்லை. நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு; ஆரஞ்சில் அதன் கால்பங்குதான். பெண்ணின் ஒருநாள் தேவையான 65 மில்லிகிராமுக்கு அரைக் கொய்யா போதும். எலுமிச்சையைப் பிழிவதானால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிய வேண்டும். நீண்ட நேரச் சூடு அச்சத்தை அழித்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, கை கழுவியவுடன் ஒரு குவளை தேநீர் அருந்தினால் பயன் பெரிதும் குறைந்துபோகும். உணவோடு அருந்தும் தேநீர், சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடுகின்றது. நோன்புக் கஞ்சியோடும் தேநீர் அருந்துவது நம்மவர் வழக்கம். நான் தேநீரை விடச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இந்த ஊரில் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளி அருந்துங்கள்.

இரத்தம் ஏற்கெனவே குறைந்துவிட்ட பிள்ளைக்குக் கொய்யா மட்டும் மருந்தாகாது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழிருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை உண்ணத்தான் வேண்டும். அத்துடன் வைட்டமின் சி மாத்திரையையும் தனியே வாங்குவது வீண்செலவு. சீனாவில் 440 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், இரும்பு மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கும் இரண்டையும் உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பள்ளியில் தரும் மாத்திரையைக் குமட்டுகிறதென்று பிள்ளைகள் எறிந்துவிடுகின்றார்கள். உணவுக்குப் பின் உண்டால் குமட்டல் குறையும். மலம் கறுத்துப் போவதும் அம்மாத்திரையின் இயல்பே; அஞ்ச வேண்டியதில்லை. மாதவிடாயில் இரத்தம் மிகுதியாகப் போனால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெண் பார்க்கும்போது எத்தனையோ விசாரிக்கின்றோம். பெண்ணின் இரத்த அளவை விசாரிப்பதில்லை. இரத்தம் குறைந்த நிலையில் கருவுற்றுப் பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால், தாயின் உயிருக்கே ஆபத்து. நிகாஹ் தேதி குறித்த பின் பரிசோதித்தால் காலம் போதாது. ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பின்னரும் உடலின் இரும்பு இருப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. பதினைந்து வயது கடந்த மகளை இம்மாதமே அழைத்துச் செல்லுங்கள்.