ஊர்ச் சபையின் விறாந்தை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



பேச அழைத்தபோது நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்று சங்கத்தினர் எதிர்பார்த்திருப்பார்கள். அதை நான் கிளினிக்கில் தினமும் பேசுகிறேன், கேட்பவர்கள்தான் குறைவு. ஆகவே இன்று வேறொரு விடயம். நமது ஊர்களை ஆளும் சபைகளின் கட்டிடங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். டொக்டருக்கும் கட்டிடத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது போகப் போகத் தெரியும்.

நான் இறக்காமத்துப் பிள்ளை. எங்கள் ஊரில் பழையது என்றால் குளம்தான். ஊருக்கென்று தனிப் பிரதேச சபை வந்தது இந்த நூற்றாண்டில். அதற்கு முன் சம்மாந்துறைக்குப் போனோம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை பெரிய அலுவல் எதுவானாலும் மட்டக்களப்புக் கச்சேரிக்குத்தான் போக வேண்டும். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துச் சந்தோசப்பட்ட சின்னப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

அந்தக் கச்சேரி இருந்தது மட்டக்களப்புக் கோட்டைக்குள்ளே. புளியந்தீவில், இரண்டு பக்கம் வாவியும் மற்ற இரண்டு பக்கம் அகழியுமாக, நான்கு மூலையிலும் கொத்தளங்களோடு நிற்கும் கோட்டை அது. 1628இல் போர்த்துக்கீசர் கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அண்மைக் காலம் வரை மாவட்ட நிர்வாகம் அதே மதிலுக்குள்தான் நடந்தது. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கும்வரை தெற்கே இருந்து போகிறவர்கள் வாவியைத் தோணியில் கடக்க வேண்டியிருந்தது. ஒரு காணிப் பத்திரத்துக்காக எங்கள் மூத்தப்பாமார் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். அந்தக் கட்டிடம் மக்களை வரவேற்கக் கட்டப்பட்டதல்ல, தூரத்தில் வைக்கக் கட்டப்பட்டது. தடித்த மதில், ஒரே வாசல், வாசலில் காவல். நிர்வாகம் கோட்டையில் இருந்தால் அதன் குணமும் கோட்டையின் குணமாகத்தான் இருக்கும்.

ஆனால் நமது ஊர்களில் வேறொரு நிர்வாகமும் இருந்தது. குடி மரைக்காயர்மார் பள்ளிவாசலில் கூடி, எல்லைச் சண்டையையும் குடும்பச் சண்டையையும் தீர்த்தார்கள். வயல் வேலையின் தொடக்கத்தையும் தண்ணீர் முறையையும் வட்ட விதானைமார் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அலுவலகக் கட்டிடம் தேவைப்படவில்லை. பள்ளி விறாந்தை போதும், குளக்கட்டு மரநிழல் போதும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இந்தக் கரையோர ஊர்களில் குடி தாய்வழியாக வருகிறது. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. ஊரின் வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் பெயரில் இருக்கின்றன. ஆனால் ஊர் விடயம் பேசும் விறாந்தையில் பெண்ணுக்கு இடம் இருக்கவில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரி, சபைக்கு வெளியாள்.

இனி என்னுடைய தொழிலுக்கு வருகிறேன். இலங்கையில் சிறிய ஊர்களுக்கு உள்ளூராட்சி எப்படி வந்தது தெரியுமா? வாந்திபேதிக்கும் அசுத்தத்துக்கும் பயந்து வந்தது. கொழும்பு, கண்டி போன்ற பெரிய நகரங்களுக்கு 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநகர சபை கிடைத்தது. சிறிய பட்டினங்களுக்கு 1892இல் வந்த சட்டத்தின் பெயரே சிறிய பட்டினங்களின் சுகாதாரக் கட்டளைச் சட்டம். கானைத் துப்புரவாக்கு, கிணற்றைக் காப்பாற்று, இறைச்சிக் கடையைப் பார், குப்பையை அகற்று: இவைதான் அந்தச் சபைகளின் வேலை. ஆகவே பிரதேச சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் சொல்வதுண்டு. 1934, 35ஆம் ஆண்டு மலேரியாவில் இந்தத் தீவில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். ஊரின் தண்ணீரும் கானும் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

சிற்றூர்களில் அந்தக் காலத்தில் எழுந்த சபைக் கட்டிடங்களை மனதில் கொண்டுவாருங்கள். உயர்த்திய அத்திவாரம், தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான ஓட்டுக்கூரை, முன்னே தூண்கள் வைத்த நீண்ட விறாந்தை. இது அழகுக்காக மட்டும் செய்ததல்ல. மாரி வெள்ளம் உள்ளே வராமல் அத்திவாரம் காக்கிறது. கச்சான் காற்று நெருப்பாக வீசும் மாதங்களில் விறாந்தை சுவரில் வெயில் படாமல் மறைக்கிறது. சூடான காற்று மேலே எழுந்து ஓட்டு இடுக்கால் வெளியேறுகிறது. ஜன்னலுக்கு மேல் வைத்த சாளரத் துளைகள் மின்விசிறி இல்லாமலே காற்றை நடத்துகின்றன. காசநோய்க்கு நாங்கள் இன்றும் சொல்லும் முதல் பாடம் காற்றோட்டம். அது அந்த மேசன்மாருக்குத் தெரிந்திருந்தது. விறாந்தையோ, காத்திருக்கும் மக்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிழல்.

பெரிய நகரங்கள் வேறு வழியில் போயின. சென்னையில் 1913இல் திறந்த வெள்ளை நிற ரிப்பன் மாளிகை மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நிற்கிறது. இந்தியாவில் உள்ளூராட்சிக்கு வழிவகுத்த ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு. கொழும்பில் 1873இல் புறக்கோட்டையில் கட்டிய பழைய நகர மண்டபம் போதாமல் போக, 1928இல் வெள்ளைக் குவிமாடத்தோடு இன்றைய மாநகர மண்டபம் வந்தது. ஆனால் அந்த மண்டபத்தை நான் நினைப்பது குவிமாடத்துக்காக அல்ல. 1937இல் டொக்டர் மேரி ரட்ணம் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணாக அதற்குள் நடந்து போனார். கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழரை மணந்து, இங்கேயே வாழ்ந்த வைத்தியர் அவர். 1949இல் ஆயிஷா ரவூப் அதே சபைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் பெண்ணானார். அவர் கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபர். ஒரு டொக்டரும் ஒரு டீச்சரும். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் டொக்டரும் டீச்சரும்தானே!

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஓர் ஊரில் பழைய கிராம சபைக் கட்டிடம் ஒன்று இருந்தது. 1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்து, 1988இல் பிரதேச சபைகள் வந்தன அல்லவா? அந்த மாற்றத்தில் பல கட்டிடங்கள் அநாதையாகின. சில உப அலுவலகமாகின, சில நூலகமாகின. நான் சொல்லும் கட்டிடத்தில் எங்கள் தாய் சேய் கிளினிக் நடந்தது. கூரையில் வௌவால், சுவரில் வெடிப்பு. புதிய கட்டிடத்துக்குக் காசு வந்திருக்கிறது, பழையது பாவனைக்கு உதவாது என்று ஒரு கடிதம் தாருங்கள் என்றார்கள். நான் இளம் டொக்டர். புதியது என்றால் நல்லது என்று நம்பினேன். கையெழுத்திட்டேன். இரண்டு நாளில் இடித்துவிட்டார்கள்.

புதிய கட்டிடம் வந்தது. கண்ணாடி முகப்பு, அலுமினிய ஜன்னல், விறாந்தை இல்லை. கிளினிக் மேல்மாடியில். நிறைமாதத் தாய்மார் கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்க ஏறினார்கள். கரண்ட் போனால் உள்ளே இருக்க முடியாது. பிள்ளைகளோடு வந்தவர்கள் வெயிலில் றோட்டோரத்தில் நின்றார்கள். நான் கையெழுத்திட்டு இல்லாமலாக்கியது அவர்களுடைய நிழலைத்தான்.

அதோடு முடியவில்லை. சில மாதங்களின் பின் வயதான ஒரு மூத்தம்மா என்னிடம் வந்தா. மருந்துக்கல்ல. "மகள், அந்தப் பழைய கந்தோரில இருந்த கொப்பிகளெல்லாம் எங்க?" என்று கேட்டா. அவவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையை அந்தக் காலத்தில் கிராம சபை பொதுப் பாதையாகத் தீர்மானித்து எழுதியிருந்ததாம். இப்போது பக்கத்து வளவுக்காரர் வேலி போட்டுவிட்டார். தேடிப் பார்த்தேன். கூட்டக் குறிப்பேடுகள் இடிபாட்டோடு லொறியில் ஏறிப் போய்விட்டன. கட்டிடத்தைப் பார்க்க வந்த எவரும் அலுமாரியைத் திறந்து பார்க்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவ மவுத்தாகும்வரை அயல் வளவுக்குள்ளால் கேட்டுக் கேட்டுத்தான் நடந்தா.

அன்றிலிருந்து மரபுரிமை என்ற சொல் எனக்கு வேறு அர்த்தத்தில் கேட்கிறது. சுவரும் தூணும் மட்டுமல்ல மரபுரிமை. ஒரு ஏழை மனுசி தன்னுடைய பாதையை நிரூபிக்கக்கூடிய ஒரு பக்கக் கடதாசியும் மரபுரிமைதான். யுத்தத்திலும், 2004 சுனாமியிலும் நமது கரையோர ஊர்கள் எத்தனையோ ஆவணங்களை இழந்தன. அவை நம் கையை மீறியவை. கறையானுக்கும் லொறிக்கும் கொடுப்பது நாமே செய்வது.

எல்லாப் பழைய கட்டிடத்தையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அழகான விறாந்தைகள் பலவற்றில் பெண்களுக்கு மலசலகூடம் கிடையாது, சக்கர நாற்காலி ஏற வழி கிடையாது. கூரையில் பின்னர் போட்ட அஸ்பெஸ்டஸ் தகடுகள் நுரையீரலுக்கு ஆபத்தானவை. அவற்றை உடைத்துத் தூளாக்காமல் கவனமாகக் கழற்ற வேண்டும். சுவரை வைத்துக்கொண்டு இவற்றைத் திருத்தலாம். வெடிப்பு என்றவுடன் இடிப்பு என்று முடிவெடுப்பது, காலில் புண் என்றவுடன் காலை வெட்டுவது போன்றது. முதலில் நோயைப் பார்க்க வேண்டும்.

இப்போது நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. சட்டத் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். 2018 தேர்தலில் அது முதன்முறை நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரி சபைக்குள்ளும் கதிரை போட்டு உட்காரும் காலம் இது. உள்ளே போகும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய முதல் மூன்று கேள்விகளை நான் எழுதித் தருகிறேன். காத்திருக்கும் மக்களுக்கு நிழல் எங்கே? பெண்களுக்கு மலசலகூடம் எங்கே? பழைய குறிப்பேடுகள் எந்த அலுமாரியில், சாவி யாரிடம்?

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. ஊருக்கு வரும்போது குளத்தையும் கடலையும் படம் எடுக்கிறீர்கள். ஊர்ச் சபைக் கட்டிடத்தையும், பழைய நூலகத்தையும், சந்தைக் கட்டிடத்தையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அங்கே வேலை செய்த முதியவர்கள் இருந்தால் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ஆளுக்கு ஓர் ஊர் என்று எடுத்தால், நமது சங்கமே இந்தக் கரையின் கட்டிடங்களுக்கு ஒரு பதிவேடு வைத்துவிடலாம். காசு தேவையில்லை, கவனம் தேவை.

நமது பாடசாலையிலும் ஒரு விறாந்தை இருக்கிறது. பிந்தி வந்தால் நிற்பதும் அங்கேதான், மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான், பரீட்சை முடிவைப் பார்த்து அழுததும் சிரித்ததும் அங்கேதான். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கும் அது இடம் கொடுத்தது. நமது ஊர்ச் சபைகளும் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.