மட்டமான தரையும் விதைப் புழுதியும்

(சேரப்பணஞ்சேரி விவசாயிகள் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



புல் மண்டிக் கிடந்த நிலத்தை மட்டப்படுத்திய பிறகு அதை விதைப்புக்குத் தகுந்த புழுதியாக்குவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். நிலம் மட்டமாகிவிட்டால் அது விதைக்கத் தயாராகிவிட்டது என்று நம்மில் அநேகர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. மட்டமான தரை வேறு. விதைப் புழுதி வேறு. முன்னதை இயந்திரம் ஒரே நாளில் செய்து கொடுத்துவிடும். பின்னதற்கு வெயிலும் மழையும் உழவும் கூடிச் சில வாரங்கள் உழைக்க வேண்டும். அந்த வாரங்களைக் கொடுக்க மனமில்லாதவர் விதையையும் ஒரு பட்டத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

இந்தப் பிரதேசத்தில் இது ஏன் முக்கியம் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010-ல் ஒரகடத்திலும் மோட்டார் வாகன உற்பத்தி தொடங்கியது. அதன்பின் இந்தச் சாலைகளின் இரு மருங்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றுக்கு நடுவே உழவின்றிக் கிடக்கும் துண்டு நிலங்கள் பல. உழவு நின்ற நிலத்தை முதலில் அறுகும், பின்பு கோரையும் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட நிலத்தை மறுபடி உழுது பயிரிட வேண்டுமென்று வருகிறவர்களுக்கே இந்த வார்த்தைகள் முக்கியமாக உரியவை.

நமது ஜில்லாவின் வழக்கமான புழுதி விதைப்பை நினைத்துப் பாருங்கள். ஆடி மாதத்து மழையில் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்து, ஒரு மாதம் ஒன்றரை மாதம் வரை மானாவாரியாக வளர்த்து, ஏரி நிரம்பியபின் நீர் கட்டிப் பயிரை முடிக்கிறோம். இம்முறையில் நாற்றங்காலும் இல்லை, சேறடிப்பதும் இல்லை. ஆகையால் புழுதியில் உள்ள குறையைப் பின்னால் சேறு மூடி மறைக்காது. விதை விழும் அன்று புழுதி எப்படி இருக்கிறதோ, அப்படியே விளைச்சலும் இருக்கும்.

மேல்மண்ணைக் காப்பாற்றுதல்

முதலாவது, மட்டப்படுத்தும்போதே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நிலத்தின் சத்தெல்லாம் மேலே உள்ள அரையடி மண்ணில்தான் இருக்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளும்போது, மேட்டில் அடிமண் வெளியே தெரிகிறது; பள்ளத்திலோ நல்ல மண் புதைந்து போகிறது. அப்படிச் செய்த நிலத்தில் மேட்டுப் பக்கம் பயிர் மஞ்சளித்து நிற்பதை எங்கும் காணலாம். ஆகவே மேல்மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்து, அடிமண்ணை மட்டப்படுத்தி, குவித்த மண்ணை அதன் மேல் பரப்ப வேண்டும். இதற்கு இயந்திர வாடகை சிறிது கூடும். ஆனால் போன மேல்மண்ணை எந்த வாடகைக்கும் திரும்ப வாங்க முடியாது.

சரிவான நிலம் முழுவதையும் ஒரே தட்டாக்க முயல வேண்டாம். சரிவுக்கு ஏற்ப இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரித்து நடுவே வரப்பு போட்டால் வெட்டும் மண் குறையும். பழைய வாய்க்காலையும் ஏரிக்குப் போகும் நீர்த்தாரையையும் மண் தள்ளி மூடிவிடக் கூடாது. 2015-ஆம் வருஷத்து மழையில் அடையாற்றுக் கரையிலுள்ள வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் போகும் வழியை அடைத்து மட்டமாக்கிய வயல், அடுத்தவன் வயலுக்கும் ஊருக்கும் கேடு.

புல்லின் வேரை ஒழித்தல்

இரண்டாவது, புல். மட்டப்படுத்தியவுடன் தரை சுத்தமாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பக் கூடாது. அறுகின் கொடிவேரும் கோரையின் கிழங்கும் துண்டு துண்டாகி மண்ணோடு கலந்திருக்கின்றன. கோரைக் கிழங்குகள் ஒன்றோடொன்று சங்கிலி போல் தொடுத்திருப்பவை. சங்கிலி அறுபடாதவரை முன்னுள்ள கிழங்கு முளைத்து மற்றவற்றைத் தூங்கச் செய்கிறது. அறுபட்டாலோ ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும். இதனால்தான் கோரை மண்டிய நிலத்தில் முதல் உழவையே சுழல் கலப்பையால் உழுகிறவர், ஒரு கோரையைப் பத்தாக்கிவிடுகிறார்.

முதலில் மாடு ஆடுகளை விட்டுப் புல்லை மேயவிடுங்கள். மீந்ததை அறுத்து எடுங்கள். கோடை மழை பெய்து பதம் வந்தவுடன் கொத்துக் கலப்பையாலோ நாட்டுக் கலப்பையாலோ குறுக்கும் நெடுக்குமாக உழுது, வேரையும் கிழங்கையும் மேலே கொண்டுவாருங்கள். அவற்றை வாரிக் குவித்து வயலுக்கு வெளியே சேருங்கள். மீந்தவை சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு வாரம் காய்ந்தால் பெரும்பாலும் மாண்டுபோம். ஆழத்தில் தப்பியவை மறுபடி தலை காட்டும். அப்போது இன்னொரு உழவு. உழுத புழுதியை நன்றாகக் காயவிடுவதன் மகிமையைத் திருக்குறளின் உழவு அதிகாரமே பேசுகிறது.

பச்சைப் புற்கரணைகளை அப்படியே மண்ணுக்குள் புதைப்பதும் தவறு. அவை மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே இழுத்துக்கொள்கின்றன; இளம்பயிர் வெளுத்துப்போகிறது. அவை மக்கிய இடம் குழியாகிறது. மக்காத குப்பையைத் தேடிக் கரையானும் வந்து சேர்கிறது.

மண்ணை அமரவிடுதல்

மூன்றாவது, பொறுமை. புதிதாக மண் கொட்டிய இடம் பொலபொலவென்று இருக்கும். முதல் நல்ல மழையில் அது அமுங்கிப் பள்ளமாகும். இயந்திரச் சக்கரம் ஓடிய இடமோ கல்லைப் போல் இறுகியிருக்கும். இறுகிய இடத்தை உளிக் கலப்பையால் கிளறுங்கள். பிறகு ஒரு மழையோ ஒரு பாய்ச்சலோ கண்டபின் மட்டத்தை மறுபடியும் பாருங்கள். இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயே போதும். பத்து சென்ட் பாத்தி ஒன்றில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதிருந்தால் நலம். மேட்டில் தண்ணீர் ஏறாமல் களை ஏறும்; பள்ளத்தில் தண்ணீர் நின்று முளை அழுகும்.

அந்த ஈரத்தில் களை விதைகள் முளைத்து வரும். அதைக் கண்டு வருந்த வேண்டாம். அவை இரண்டு மூன்று இலை விட்டதும் மேலாக உழுது அழித்துவிடுங்கள். விதைப்பதற்கு முன் அழிக்கும் களைக்கு ஒரு உழவு. விதைத்தபின் அழிக்கும் களைக்கோ பல ஆட்கள். புழுதி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைப்பதால், இந்த வேலை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் அறுவடையில் தெரியும்.

கட்டி உடைத்துப் பரம்படித்தல்

நான்காவது, புழுதியின் பதம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். அப்படியே ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். உருண்டையாகவே பிடிக்க வராவிட்டால் காய்ந்துவிட்டது. விழுந்து உதிர்ந்தால் அதுவே தகுந்த பதம். அப்போது உழுது, அன்றே பரம்படித்தால் கட்டிகள் எளிதில் உடையும். ஒரு நாள் தாமதித்தால் கொட்டாப்புளி எடுத்து அடிக்க வேண்டிவரும். பரம்பை முதலில் நெடுக்காகவும், அடுத்து குறுக்காகவும் ஓட்டுங்கள்.

ஆயினும் மாவைப் போல் பொடியாக்கிவிடவும் கூடாது. நமது செம்மண் நிலத்தில் மிகவும் பொடியான புழுதி ஒரு மழையில் அடைந்து, காய்ந்ததும் ஏடு கட்டும். முளை அதைத் துளைக்க மாட்டாமல் உள்ளேயே சுருளும். மேலே கொட்டைப்பாக்கு அளவுக்கு மேற்படாத சிறு கட்டிகள் இருக்கலாம். விதையைச் சுற்றியுள்ள மண் மட்டும் பொடியாக இருக்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் கடைசி உழவில் சேர்த்தால் ஏடு கட்டுவது குறையும். புழுதி தயாரான அடையாளம் யாதெனில், அதன் மேல் நடந்தால் காலடி அரை அங்குலத்துக்கு மேல் அழுந்தக் கூடாது. பாதம் புதைந்தால் இன்னொரு பரம்பு தேவை.

விதைப்பு

இவ்வளவும் செய்தபின் விதைப்பு எளிது. ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாஷ் உரத்தைக் கரைத்து, விதையை அதில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழையபடி உலர்த்தி விதைத்தால் பயிர் வறட்சியைத் தாங்கும். வீசி விதைப்பதைவிட, விதைக்கும் கருவியால் 20 செண்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக, 3 முதல் 5 செண்டிமீட்டர் ஆழத்தில் விதைப்பது மேல். அந்த ஆழம் எங்கும் ஒரே சீராக விழுவதற்கே மட்டமும் பரம்பும் இத்தனை பாடு பட்டு வேண்டியிருக்கின்றன.

ஒரு பழைய செய்தி சொல்லி முடிக்கிறேன். 1865-ல் அரசாங்கத்தார் சைதாப்பேட்டையில் ஒரு பரிசோதனைப் பண்ணையை ஏற்படுத்தினார்கள். சீமையிலிருந்து நீராவிக் கலப்பை முதலிய பெரிய கருவிகள் அங்கே வந்து சேர்ந்தன. அந்த நீராவிக் கலப்பை குடியானவர்கள் கைக்கு வரவே இல்லை. அந்தப் பண்ணையில் 1876-ல் தொடங்கிய விவசாயப் பாடசாலையோ பின்னர் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டுப் பெரிய கல்லூரியாக வளர்ந்தது. கருவி போயிற்று, கல்வி நின்றது. இன்று டிராக்டரும் மண் தள்ளும் இயந்திரமும் வேளாண்மைப் பொறியியல் துறையாரிடமிருந்து மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. நான்கு பேர் சேர்ந்து வரவழைத்தால் ஒவ்வொருவருக்கும் சிரமம் குறையும். ஆனால் இயந்திரம் திரும்பிப் போன பிறகே உங்கள் வேலை ஆரம்பமாகிறது என்பதை மறவாதீர்கள்.

ஆகையால், நிலத்தை மட்டப்படுத்த எண்ணுகிறவர் மாசி பங்குனியிலேயே தொடங்குங்கள். வைகாசி முழுவதையும் வெயிலுக்கும் உழவுக்கும் விட்டு, ஆனியில் களையை அழித்து, ஆடியில் பரம்படித்து விதையுங்கள். பல வருஷம் புல்லுக்கு விட்ட நிலத்தை ஒரு நாளில் வயலாக்க முடியாது. ஒரு கோடையில் ஆக்கலாம்.