ஐந்து குண்டுகளும் இரண்டு தீர்ப்புகளும்



1984 டிசம்பர் 22, சனிக்கிழமை. நியூயார்க் நகரில் மன்ஹாட்டன் சுரங்க ரயில் ஒன்றில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற 37 வயது வெள்ளைக்காரர் ஏறினார். அதே பெட்டியில் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்கள் இருந்தார்கள். யாருக்கும் இருபது வயது ஆகவில்லை. அவர்களில் ஒருவர் கெட்ஸ் அருகில் வந்து ஐந்து டாலர் கேட்டார். கெட்ஸ் எழுந்தார். உரிமம் இல்லாமல் வைத்திருந்த ரிவால்வரை எடுத்து ஐந்து முறை சுட்டார். நான்கு பேருக்கும் காயம். உயிர் போகவில்லை. ஆனால், ஒருவருக்குத் தண்டுவடம் அறுந்தது. அந்த 19 வயதுப் பையன் அதன்பின் நடக்கவே இல்லை.

கெட்ஸ் தண்டவாளத்தில் குதித்து மறைந்துவிட்டார். ஆண்டின் கடைசி நாளில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்ட் காவல் நிலையத்தில் சரணடைந்தார். அதுவரை சுட்டவர் யாரென்று ஊருக்குத் தெரியாது. ஆனாலும் ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. துப்புக் கொடுக்கச் சொல்லிக் காவல்துறை ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தது. அதில் வந்து குவிந்தவை பாராட்டுகள். அந்த இளைஞர்கள் கூர் தீட்டிய திருப்புளிகளை வைத்திருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இருவரிடம் திருப்புளி இருந்தது உண்மை. விளையாட்டு இயந்திரங்களின் காசுப் பெட்டியை உடைக்கத்தான் அவை என்று பின்னர் சொன்னார்கள். கூர் தீட்டியது என்பது வெறும் வதந்தி. அந்த வதந்தி இன்றுவரை சாகவில்லை.

இதில் ஒன்றை நாம் அவசரப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது. அன்றைய நியூயார்க் மக்களின் பயம் பொய்யில்லை. மாலையில் ரயிலேறுவதற்கே யோசித்த காலம் அது. கெட்ஸே 1981இல் ஒரு ரயில் நிலையத்தில் தாக்கப்பட்டு முழங்காலில் அடிபட்டவர். அதன்பிறகு துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. தன்னைக் காக்க அரசு வராது என்று ஒருவர் நினைக்கத் தொடங்கிவிட்டால், அவருக்குப் புத்தி சொல்வது சுலபமில்லை.

ஆனால் அவரே கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது, ஒளிப்பதிவாக. அவர்கள் எவரிடமும் துப்பாக்கி இல்லை என்று தமக்கு நிச்சயமாகத் தெரியும் என்றார். அவர்களைக் கொல்ல வேண்டும் என்றுதான் எண்ணியதாகவும் சொன்னார். முதல் நான்கு குண்டுகளுக்குப் பிறகு, காயம்படாதவர்போல் இருந்த ஒருவரிடம் போய், உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, இதோ இன்னொன்று என்ற பொருளில் சொல்லிவிட்டு மறுபடி சுட்டதாகவும் சொன்னார்.

இப்படி ஒரு வாக்குமூலம் இருந்தும் கொலை முயற்சி வழக்கில் கெட்ஸ் எப்படி விடுதலை ஆனார்? என்னை இந்த வழக்கின் பக்கம் திரும்பத் திரும்ப இழுப்பது இந்தக் கேள்விதான்.

நியூயார்க் சட்டப்படி, எதிராளி கொல்லும் பலத்தோடு தாக்குகிறார் அல்லது கொள்ளையடிக்க வருகிறார் என்று நியாயமாக நம்பினால், திருப்பிச் சுடலாம். நியாயமாக என்றால் யாருடைய நியாயம்? எனக்குப் பயமாக இருந்தது என்று சுட்டவர் சொன்னால் போதுமா? மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 1986 ஜூலையில் இதற்குப் பதில் சொன்னது. போதாது; அந்த நிலையில் இருக்கும் நியாயமான மனிதருக்கும் அந்தப் பயம் வந்திருக்க வேண்டும் என்றது. ஆனால், அந்த நிலை என்பதற்குள் எதிரில் நின்றவர்களின் உடல்வாகும், சுட்டவர் முன்பு பட்ட அனுபவங்களும் சேரும் என்றும் சொன்னது. அந்த வழியாகத்தான் 1981இல் பட்ட அடி வழக்குக்குள் வந்தது. அதோடு, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத இன்னொன்றும் வந்தது என்பது என் எண்ணம்.

விசாரணையின்போது, ரயில் பெட்டியில் நடந்ததை ஜூரிக்கு நடித்துக் காட்ட கெட்ஸ் தரப்பு ஏற்பாடு செய்தது. அந்த நால்வராக நிற்க, கார்டியன் ஏஞ்சல்ஸ் என்ற தன்னார்வக் காவல் அமைப்பிலிருந்து திடகாத்திரமான நான்கு கறுப்பின இளைஞர்களை அழைத்து வந்தார்கள். நிறத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜார்ஜ் பிளெட்சர், இந்த வழக்கைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டைக் கடுமையாக விமர்சித்தார். அவர் பக்கம்தான் நானும்.

1987 ஜூன் 16 அன்று தீர்ப்பு வந்தது. கொலை முயற்சிக் குற்றச்சாட்டுகள் அனைத்திலிருந்தும் விடுதலை. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டனை. ஏறத்தாழ எட்டு மாதம் சிறையில் இருந்தார்.

ஜூரியில் இருந்த அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் திட்ட மாட்டேன். தற்காப்புக்காகச் சுடவில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. குண்டுகள் இடைவெளி இல்லாமல் வெடித்ததாகச் சாட்சிகள் பலர் சொன்னார்கள். கெட்ஸின் வாக்குமூலத்தோடு அது பொருந்தவில்லை. சந்தேகம் வந்தால் விடுவி என்பதுதான் ஜூரிக்கு இடப்பட்ட கட்டளை. விடுவித்தார்கள். அவர் செய்தது சரி என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் வெளியே நின்ற கூட்டத்துக்கு அது வெற்றியாகக் கேட்டது. பிராங்க்ஸில் இருந்த தாய்மார்களுக்கோ, தங்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தாலே போதும், சுடலாம் என்று கேட்டது. அவர்களுக்கு அப்படிக் கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

இதே காட்சியைப் பின்னர் இன்னோர் ஊரிலும் பார்த்தோம். 2020 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் 17 வயதுப் பையன் ஒருவன் கலவரத்தின் நடுவே இரண்டு பேரைச் சுட்டுக் கொன்று, மூன்றாமவரைக் காயப்படுத்தினான். அடுத்த ஆண்டு நவம்பரில் விடுதலையானான். அங்கேயும் தற்காப்பு அல்ல என்று நிரூபிக்கும் சுமை அரசின் மீதுதான். அங்கேயும் ஒரு பக்கம் மாலை மரியாதை, மறுபக்கம் கொதிப்பு. விடுதலையானவர் தம் வாழ்க்கையை நிம்மதியாக வாழட்டும். அது அவர் உரிமை. மேடையில் ஏற்றிக் கைதட்டச் சொல்லி எந்த ஜூரியும் கேட்கவில்லை.

கெட்ஸ் கதை 1987இல் முடியவில்லை. நடக்க முடியாமல் போன இளைஞர் நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த சிவில் வழக்கு, 1996இல் பிராங்க்ஸில் வேறொரு ஜூரியின் முன் வந்தது. இங்கே அளவுகோல் வேறு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று பார்த்தால் போதும். அதே ரயில் பெட்டி, அதே ஐந்து குண்டுகள். கெட்ஸ் 4 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி சொன்னது. சில நாட்களில் அவர் திவால் மனு தாக்கல் செய்தார்.