ஜப்பானிலிருந்து வரும் அபிப்பிராயங்கள்

(சங்கரன்கோவில் வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

ஜப்பான் தேசத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இன்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் இந்தியர்கள் ஜப்பானில் வாழ்கின்றனர். டோக்கியோ மாநகரின் எதொகாவா வட்டத்தில் அவர்கள் பெருகி வசிக்கும் தெருக்களே உள்ளன. தமிழரும் அவர்களில் அடங்குவர். அவர்கள் கைப்பேசி வாயிலாக அனுப்பும் அபிப்பிராயங்கள் அன்று மாலையே நம் ஊர்த் தேநீர்க் கடைக்கு வந்துவிடுகின்றன. "அங்கே தெருவில் ஒரு காகிதம் கிடையாது, ரயில் ஒரு நிமிஷம் பிந்தினால் மன்னிப்புக் கேட்கிறார்கள், நம் ஊர் எக்காலத்திலும் திருந்தாது" என்பது ஒருவகை. "அரிசி விலை ஏறிவிட்டது, ஊர்களெல்லாம் காலியாகின்றன, ஜப்பான் கதை முடிந்தது" என்பது மற்றொரு வகை. இவ்விரண்டையும் கேட்டு நாம் என்ன முடிவு செய்வது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டுகிறேன். 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் இந்நாட்டில் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1953இல், ஜப்பானிய முறை நெல் சாகுபடி என்னும் இயக்கம் நாடெங்கும் பரப்பப்பட்டது. மேட்டுப் பாத்தியில் நாற்று விடுதல், தரமான விதையைக் குறைவாகப் பயன்படுத்துதல், கயிறு பிடித்து வரிசையாக நடுதல், வரிசைகளுக்கு இடையே களைக்கருவி ஓட்டுதல், தொழு உரத்துடன் அம்மோனியம் சல்பேட் இடுதல் ஆகியவை அம்முறையின் அங்கங்கள். குளத்துப் பாசனம் உள்ளவர் அதைச் சோதித்துப் பார்த்தனர். ஆள் கூலி கட்டுபடியாகாத இடத்தில் அம்முறை முழுமையாக நிலைக்கவில்லை. ஆயினும் வரிசை நடவும் களைக்கருவியும் மறையவில்லை. பின்னாளில் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த திருந்திய நெல் சாகுபடி முறையிலும் அவ்விரண்டும் இடம்பெற்றன. நம் மானாவாரிக் கரிசலுக்கோ அந்த இயக்கத்தால் பெரும் பயன் இல்லை. அயல்நாட்டுச் செய்தியை அன்றைய உழவர் துதிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. தம் நிலத்தில் வைத்துச் சோதித்தனர். நாமும் அங்கிருந்து வரும் சொற்களை அவ்விதமே சோதிக்கவேண்டும்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி அவர்கள் கூறுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, புட்டிகளுக்கு ஒரு கிழமை, பழங் காகிதத்துக்கு ஒரு கிழமை என்று வகுத்திருக்கிறார்கள். தப்பான நாளில் வைத்த பையை வண்டிக்காரர் எடுப்பதில்லை. பல இடங்களில் குப்பை வைக்கும் இடத்தைத் தெருவாசிகள் முறை வைத்துச் சுத்தம் செய்கின்றனர். அண்டை வீட்டார் சங்கத்தின் அறிவிப்புப் பலகை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கைமாறிச் செல்லும். படித்தவர் அடையாளமிட்டு அடுத்த வீட்டில் கொடுப்பார். பள்ளியில் பிள்ளைகளே வகுப்பறையைத் துடைக்கிறார்கள். இவையெல்லாம் உண்மையே.

ஆனால், "அது அவர்கள் பிறவிக் குணம், நமக்கு வராது" என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அது உண்மையன்று. 1971ஆம் ஆண்டில் டோக்கியோவின் ஆளுநர் ரியோகிச்சி மினோபே குப்பையின்மீது போர்ப் பிரகடனமே செய்யவேண்டியிருந்தது. நகரின் குப்பையில் பெரும்பகுதி கோத்தோ என்னும் வட்டத்தில் கொட்டப்பட்டது. அங்கே நாற்றமும் ஈயும் பெருகின. சுகினாமி என்னும் வட்டத்தாரோ தங்கள் பகுதியில் எரிநிலையம் அமைக்கக்கூடாதென்று எதிர்த்தனர். கோத்தோ வட்டத்தார் சாலையில் நின்று சுகினாமியின் குப்பை வண்டிகளைத் தடுத்தனர். "எங்கள் ஊர் எல்லையில் கொட்டாதே" என்ற வழக்கு நம் ஒன்றியத்துக்கு மட்டும் உரியதா என்ன? அவரவர் குப்பைக்கு அவரவரே பொறுப்பு என்ற விதியைச் சண்டையிட்டும் பேசியும் அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர். நம் பஞ்சாயத்துக்களில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வருகிறார்கள். மக்கும் குப்பையையும் மக்காக் குப்பையையும் நாம் பிரித்துக் கொடுக்காவிட்டால் அவர்கள் உழைப்பு வீண். இதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. முறை வைத்துக்கொண்டாற் போதும்.

இனி, செய்திகளைப் பற்றிய அபிப்பிராயம். 2025 மே மாதத்தில் ஜப்பானியக் கடைகளில் ஐந்து கிலோ அரிசியின் விலை 4,200 யென்னைத் தாண்டியது. முந்திய ஆண்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சர்க்கார் சேமக் களஞ்சியத்தைத் திறந்து அரிசியை வெளியிட்டது. அச்சமயம் விவசாய மந்திரியாக இருந்த தாக்கு எத்தோ, ஆதரவாளர்கள் நிறையக் கொடுப்பதால் தாம் அரிசியை விலைக்கு வாங்கியதே இல்லை என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். மக்கள் கொதித்தெழவே, சில தினங்களில் பதவி விலகினார். அங்குள்ள நம்மவர் இதைச் சொல்லி, "சோறு தின்ன முடியவில்லை" என்று வருந்துகின்றனர்.

அவர்கள் வருத்தம் நியாயமே. எனினும் அது வாங்குவோரின் அபிப்பிராயம்; பட்டணத்தில் மாதச் சம்பளம் பெறுவோரின் அபிப்பிராயம். விளைவிப்போராகிய நீங்கள் அதே செய்தியை மறுபக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். 1970ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 2018 வரையில், நெல் மிஞ்சிவிட்டதென்று பரப்பைக் குறைக்கும் கொள்கையை அங்கே நடத்தினார்கள். விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோர் 2000ஆம் ஆண்டில் 24 இலட்சம் பேர். 2020இல் 14 இலட்சத்துக்கும் குறைவு. அவர்களுடைய சராசரி வயது 67ஐத் தாண்டிவிட்டது. 2023ஆம் ஆண்டின் கடும் வெயிலில் நெல்மணியின் தரம் கெட்டது. 2024 ஆகஸ்டில் பெருநிலநடுக்க எச்சரிக்கை வரவும் மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தனர். ஈடு கொடுக்கப் போதிய நிலமும் இல்லை, இளங்கைகளும் இல்லை. வயலைவிட்டு இளைஞர் விலகிப் பல்லாண்டுகள் சென்றபின், அதன் விலையைப் பட்டணத்தார் கடையில் கொடுத்தனர்.

கிராமங்களின் நிலையும் அவ்வாறே. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் 90 இலட்சம். 2024இல் பிறந்த குழந்தைகள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. சிக்கோக்கு தீவில் நகோரோ என்று ஒரு மலைக்கிராமம். அங்கே மனிதரைக் காட்டிலும் துணிப் பொம்மைகள் அதிகம். ஊரைவிட்டுச் சென்றவர்களையும் இறந்தவர்களையும் நினைத்து ஒரு மூதாட்டி செய்த பொம்மைகள் அவை. அவ்வூர்ப் பள்ளி 2012இல் மூடப்பட்டது; வகுப்பறையில் பொம்மைகளே அமர்ந்திருக்கின்றன.

பெரியோர்களே, இதைக் கேட்டு நாம் திருப்தியடைவதற்கில்லை. நம் வட்டாரத்தில் பூட்டிய வீடுகள் இல்லையா? ஒருகாலத்தில் பருத்தியும் மிளகாயும் விளைந்த கரிசலில் சீமைக்கருவேலம் மண்டவில்லையா? மல்லிகைப் பூ எடுக்க அதிகாலையில் ஆள் தேடி நாம் அலையவில்லையா? ஜப்பானியர் செல்வம் சேர்த்தபின் இந்நிலையை அடைந்தனர். நாம் அதற்கு முன்பே அடைந்துவிடலாகாது.

மற்றொரு விஷயம், இது மிக அவசரமானது. 2019 ஏப்ரலில் ஜப்பான், குறிப்பிட்ட திறனுடைய அயல்நாட்டுத் தொழிலாளரை ஏற்கும் புதிய விசா முறையைத் தொடங்கிற்று. 2021 ஜனவரியில் இந்தியாவுடன் அதுகுறித்து ஒப்பந்தக் குறிப்பும் கையெழுத்தாயிற்று. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட வேலை முதலியன அதில் அடங்கும். அதற்குத் தொழில் திறன் தேர்வும் ஜப்பானிய மொழித் தேர்வும் உண்டு. "தேர்வு வேண்டாம், பணம் கட்டினால் அனுப்புகிறேன்" என்று எவரேனும் கூறினால் அவரை நம்பாதீர்கள். நிலத்தை அடமானம் வைக்குமுன், அந்த முகவர் மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றவரா என்று குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏமாந்து போகவேண்டாம் என்றே சொல்கிறேன்.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் தீர்மானங்களை ஒரு தாளில் எழுதி, ஒரு தெருவிலேனும் வீடு வீடாகக் கைமாறச் செய்யுங்கள்; கூட்டத்துக்கு வராத பெண்மக்களும் முதியோரும் அதனால் அறிந்துகொள்வர். இரண்டு: தெருவின் குப்பைத் தொட்டி இருக்குமிடத்துக்கு வாரம் ஒரு வீடு என்று முறை வையுங்கள், அம்முறை பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலிருந்து தொடங்கட்டும். மூன்று: உங்கள் ஊரில் தரிசாய்க் கிடக்கும் நிலங்களையும், அவற்றின் உடையவர் எங்கே இருக்கிறார் என்பதையும் ஒரு பட்டியலாக்குங்கள். குத்தகைக்கு உழ விரும்பும் இளைஞருடன் அவர்களைச் சேர்த்துவைக்கும் முயற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.

ஜப்பானில் உள்ள நம் பிள்ளைகள் இனிப் பேசும்போது, "எங்கள் ஊர் திருந்தாது" என்றால் வருந்தாதீர்கள். "அங்கே குப்பைக்கு முறை வைப்பது யார்? வராதவரை என்ன செய்கிறார்கள்? செலவு யாருடையது?" என்று கேளுங்கள். அவர்கள் அங்கே நாள்தோறும் கண்டு அறிந்தவை அவை. அந்த விவரங்கள் வருமானால் நம் பஞ்சாயத்துக்கு உதவும்.